மானுடமா, காண்போரா?

அண்மையில் ஓர் அறிவியல் கட்டுரையில் ‘மானுடக் கொள்கை’ என்ற தொடரைப் பார்த்தேன். பக்கத்திலேயே, ‘அண்டம் மனிதனுக்காகவே அமைந்தது’ என்று விளக்கம். சொல் செய்த குறும்பு இது. கிரேக்கத்தில் ‘ஆந்த்ரோபோஸ்’ என்றால் மனிதர். ஆந்த்ரோபாலஜி என்னும் மானிடவியலுக்கும் அதே வேர்தான். 1973இல், கோப்பர்னிக்கஸின் 500ஆம் பிறந்த ஆண்டையொட்டிக் கிராக்கோவில் நடந்த கூட்டத்தில், இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் இந்தக் கொள்கைக்கு ‘ஆந்த்ரோபிக்’ என்று பெயர் சூட்டினார். பிற்பாடு அவருக்கே அந்தப் பெயர் உறுத்தியது. அவர் சொன்னது இவ்வளவுதான்: பார்ப்பவர் இருக்க முடிகிற இடத்திலிருந்துதான் எதையும் பார்க்க முடியும். வெற்றிடத்தின் ஆற்றலையே எடுத்துக்கொள்ளுங்கள். எளிய கணக்கு தரும் அளவு, வானில் காண்பதைவிட ஏறத்தாழ 10இன் 120ஆம் படி மடங்கு பெரியது. அது அவ்வளவு மிகுந்திருந்தால் விண்மீன் திரள்களே உருவாகியிருக்காது, கேள்வி கேட்க ஆளும் இருந்திருக்காது என்று 1987இல் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் வாதிட்டார். இதில் மனிதன் எங்கே வந்தான்? தமிழில் ‘மானிடர்’ ஒருகாலத்தில் தேவருக்குக் கீழான, அழியும் பிறவி. இன்றோ ‘மானுடம்’ மேடையில் நெஞ்சு நிமிர்த்தும் சொல். அந்தப் பெருமிதம்தான் கட்டுரையாளரை இழுத்துப் போயிருக்கிறது. ‘மானுடக் கொள்கை’க்குப் பதிலாக ஒரு பெயர் வேண்டுமென்றால், என் ஓட்டு ‘காண்போர் வரம்பு’க்கு. காண்பவர் நாமாகத்தான் இருக்க வேண்டும் என்று அது அடம்பிடிப்பதில்லை.