சீனன்குடா வானமும் செய்தித்தாளும்

செய்தித்தாள் வரலாற்றுக்கு ஒரு மூலம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அம்மூலம் எதனை உரத்துக் கூறுகின்றது, எதனை ஒரு பத்தியோடு முடித்துவிடுகின்றது என்பதையும் வரலாற்று மாணவர் நோக்குதல் வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள சீனன்குடா இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் இடமாகும்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. முன்னிரவே துறைமுகத்தை விட்டகன்ற 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட, 307 பேர் மாண்டனர். அன்று வீரகேசரி, தினகரன் முதலிய தமிழ் நாளேடுகள் வெளிவந்துகொண்டிருந்தன. எனினும் போர்க்காலத் தணிக்கையின் கீழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் அரச அறிக்கைகளையே நம்பியிருந்தன. அவ்வறிக்கைகளின் தன்மைக்கு நான்கு நாள் முன்னர் நிகழ்ந்த கொழும்புத் தாக்குதலே சான்று. அங்கு 27 எதிரி விமானங்கள் வீழ்த்தப்பட்டன என அறிவிக்கப்பட்டது. போருக்குப் பின் கிடைத்த யப்பானிய ஆவணங்களோ பத்துக்கும் குறைவான இழப்பையே காட்டின.

சீனன்குடா எண்ணெய்க் குதங்களுள் ஒன்றின் மீது அன்று ஒரு யப்பானிய விமானம் வீழ்ந்தது. குதம் பல நாள் எரிந்தது. இந்நிகழ்ச்சி இன்றும் 'தற்கொலைத் தாக்குதல்' என்றே பலராலும் எழுதப்படுகின்றது. ஆனால் அத்தகைய தாக்குதலுக்கென யப்பானியர் தனிப் பிரிவுகளை முறையாக அமைத்தது 1944 ஒக்ரோபரில், பிலிப்பைன்ஸ் போர்முனையிலேயாகும். அடிபட்ட விமானம் தானே வீழ்ந்ததா, விமானி வேண்டுமென்றே வீழ்த்தினாரா என்பதை அறிந்திருக்கக் கூடியோர் அத்தீயிலேயே மாண்டனர். பிற்காலத்துச் சொல்லொன்று முற்கால நிகழ்ச்சியின் மேல் ஏற்றப்பட்டு, ஐயம் உறுதியாக மாறியது.

இனி, போரற்ற நாள்களை நோக்குவோம். சீனன்குடா இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் களமாகும். 2020 திசெம்பர் 15இல் பி.ரி.-6 பயிற்சி விமானமொன்று கந்தளாய்ப் பகுதியில் வீழ்ந்து பயிலுநர் ஒருவர் இறந்தார். 2023 ஓகத்து 7இல் அதே வகை விமானமொன்று சீனன்குடாவிலேயே வீழ்ந்து இருவர் இறந்தனர். 2025 மார்ச்சு 21இல் இங்கிருந்து புறப்பட்ட கே-8 விமானம் வாரியப்பொலவில் வீழ்ந்தது. விமானிகள் இருவரும் பரசூட்டின் உதவியால் உயிர் தப்பினர்.

இத்தகைய செய்திகள் ஒரே அச்சில் வார்த்தவை போல அமைவதுண்டு. புறப்பட்ட நேரம், வீழ்ந்த இடம், இறந்தோர் தொகை, 'வழக்கமான பறப்பு' என்னும் தொடர், விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது என்னும் இறுதி வரி. முதல் நாட் செய்தி அவ்வளவே கூறவியலும், அது குறையன்று. விசாரணை முடிவைத் தேடிச் சென்று முதற் செய்திக்குரிய இடத்தை அதற்கும் அளிக்காமையே குறை. 1951இல் ஏற்கப்பட்ட சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் நோக்கம் குற்றஞ்சுமத்தலன்று, மீண்டும் விபத்து நிகழாது தடுத்தலே என்கின்றது. அது படைத்துறை விமானங்களைக் கட்டுப்படுத்தாது. ஆதலின் அங்கு பத்திரிகையின் வினாவே மக்களுக்குரிய முதன்மையான வழியாகின்றது.

1942இன் தீயைப் பற்றி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கதை கூறிவருகின்றோம். 'வழக்கமான பறப்பில்' இறந்த இளைஞனின் பெற்றோர் வேண்டுவது கதையன்று, காரணம். அதனைப் பதிவுசெய்யாத செய்தித்தாள், நாளைய வரலாற்றாசிரியனுக்கும் வெற்றுத்தாளையே விட்டுச்செல்லும்.