ஆங்கில அசைப்பிரிப்பும் வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் நூலும்

ஆங்கிலச் சொற்களை அசை அசையாகப் பிரித்துப் படிப்பது, உச்சரிப்பையும் எழுத்துக்கூட்டலையும் ஒருசேரக் கற்பிக்கும் பழைய முறையாகும். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். ஆங்கிலத்திலோ ஓர் உயிரெழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. எனவே சொல்லை எங்கே பிரிப்பது என்பது கற்பவருக்கு முக்கியமாகிறது.

டில்வொர்த் முறை

1740-இல் வெளியான தாமஸ் டில்வொர்த்தின் எழுத்துக்கூட்டல் நூல் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பரவலாகப் பயன்பட்டது. அதில் பிரிப்பு ஒலியைப் பின்பற்றவில்லை, விதியைப் பின்பற்றியது. கொத்து எனப் பொருள்படும் 'க்ளஸ்டர்' என்ற சொல், 'க்ளூ-ஸ்டர்' என்று படிக்கத் தூண்டும் விதத்தில் பிரிக்கப்பட்டது. 'நேஷன்' போன்ற சொற்களின் இறுதிப் பகுதி இரண்டு அசைகளாகக் கொள்ளப்பட்டது. சரியான ஒலியை ஆசிரியரே சொல்லித் திருத்த வேண்டியிருந்தது.

வெப்ஸ்டரின் மாற்றம்

கனெடிகட்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் 1783-இல் தம் எழுத்துக்கூட்டல் நூலை வெளியிட்டார். பேச்சில் ஒலி பிரியும் இடத்திலேயே எழுத்திலும் பிரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்படி 'க்ளஸ்-டர்', 'நே-ஷன்' எனப் பிரித்தார். ஓரசைச் சொற்களில் தொடங்கிப் படிப்படியாகப் பல அசைச் சொற்களுக்குச் செல்லுமாறு பாடங்களை அமைத்தார். நீல அட்டையால் 'நீலமுதுகு நூல்' என்று பெயர்பெற்ற இந்நூல், பல திருத்தங்களுடன் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அச்சிடப்பட்டது.

ஆசிரியர் இல்லாதவர்க்கு

பிரிப்பே உச்சரிப்பைக் காட்டியதால், பள்ளி மறுக்கப்பட்டவர்களுக்கும் இந்நூல் உதவியது. பால்டிமோரில் அடிமைச் சிறுவனாக இருந்த பிரெடரிக் டக்ளஸ், எசமானர் படிப்பைத் தடுத்த பின்னும் வெப்ஸ்டரின் நூலைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தெருவில் பழகிய வெள்ளையினச் சிறுவர்களிடம் பாடம் கேட்டார். அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டனுக்கு, விடுதலைக்குப் பின் அவருடைய தாய் தேடித்தந்த முதல் நூலும் இதுவே. அருகில் கற்பிக்க எவரும் இல்லாததால், எழுத்துகளில் பெரும்பாலானவற்றை அவர் தாமாகவே கற்றார்.

இன்றைய நிலை

இவ்வேறுபாடு இன்றும் முற்றிலும் மறையவில்லை. வரி முடிவில் சொல்லைப் பிரிக்கும்போது அமெரிக்க அகராதிகள் ஒலியைப் பின்பற்றுகின்றன. பிரித்தானிய மரபு சொல்லின் ஆக்கத்தையும் கருதுகிறது. அறிவு எனப் பொருள்படும் சொல்லை அமெரிக்கர் 'நால்-எட்ஜ்' என்பதற்கேற்பப் பிரிப்பர். பிரித்தானிய மரபிலோ 'அறி' எனப் பொருள்படும் 'நோ' என்ற பகுதி சிதையாமல் முதலில் நிற்கும்.