புட்டியில் வந்த மாநிறம்

என் இடது புறங்கையில் முதல் வெண்புள்ளி தோன்றியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை, ‘அது’ என்றார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா என்னைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் ஒரு சின்னப் புட்டியை எழுதிக்கொடுத்தார். இரவில் தடவினால் காலையில் புள்ளி மாநிறமாகிவிடும். ஒரு வாரத்தில் மங்கிவிடும், மறுபடி தடவ வேண்டும்.

புட்டியில் இருந்த பெயர் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன். பல வருடங்கள் கழித்து அதைத் தேடிப் படித்தபோது சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. அந்தப் பொருள் அழகுச் சந்தைக்கு வந்தது என் போன்றவர்களுக்காக அல்ல. வெயிலில் படுக்காமலே பழுப்பு நிறம் பெற விரும்பிய வெள்ளைக்காரர்களுக்காக.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வெளுப்புதான் உயர்குடிப் பெண்ணின் அடையாளம். வயலில் உழைத்தவள் கறுத்தாள். உழைக்கத் தேவையில்லாதவள் குடையும் கையுறையுமாக வெளுப்பைக் காத்தாள். ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சைக்கூட முகத்தில் அப்பிக்கொண்டாள். ஆலைகள் வந்ததும் இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. உழைப்பவர்கள் கூரைக்குள் போனார்கள். வெளிறிய முகம் வறுமையின் முகமானது. 1903இல் ஒளி சிகிச்சைக்காக நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஓகுஸ்ட் ரோலியே, காசநோயாளிகளை வெயிலில் கிடத்திக் குணப்படுத்தும் மருத்துவமனையைத் திறந்தார்.

1920களில் கோகோ ஷானெல் பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து பழுப்பேறிய மேனியோடு திரும்பியதுதான் தொடக்கம் என்று ஃபேஷன் உலகம் கதை சொல்லும். ஒருத்தியின் விடுமுறையால் நிறத்தின் மதிப்பு மாறிவிடுமா? வாரக்கணக்கில் கடற்கரையில் படுத்துக்கிடக்க யாரிடம் காசும் நேரமும் இருந்தனவோ, அவர்களுடைய நிறம் அழகாயிற்று.

அடுத்து வந்தது போர். நைலான் பாராசூட்டுக்குப் போனதால் காலுறை கிடைக்கவில்லை. பெண்கள் கால்களில் பழுப்புச் சாயம் பூசி, கெண்டைக்காலின் பின்புறம் புருவப் பென்சிலால் தையல் கோடு வரைந்துகொண்டார்கள். துணியே இல்லாத காலத்திலும் காலுறை அணிந்தது போலத் தெரிய வேண்டியிருந்தது.

1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஈவா விட்கென்ஸ்டைன், கிளைகோஜன் சேமிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு இந்தச் சர்க்கரைச் சேர்மத்தை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்தார். குழந்தைகள் துப்பியதும் சிந்தியதும் பட்ட இடத்தில் தோல் பழுப்பானது. துணியில் கறை இல்லை. தன் தோலிலேயே தடவிப் பார்த்தார். ஹெலன் பெர்ரியோடு சேர்ந்து 1960இல் ‘சயின்ஸ்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு காப்பர்டோன் நிறுவனம் ‘க்யூடி’ என்ற திரவத்தை விற்கத் தொடங்கியது. ஆய்வு செய்த பெண்களின் பெயர் மறைந்து, விளம்பரத்தின் பெண்ணுடல் நிலைத்தது.

அதே 1960 ஏப்ரலில், மிசிசிப்பியின் பிலக்ஸி கடற்கரையில் கால் வைத்ததற்காகக் கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல் அடித்து நொறுக்கியது. கழுவி மங்கவைக்க முடிந்த பழுப்புக்குத்தான் அங்கே மதிப்பு. பிறவிப் பழுப்புக்கு மணலில் நடக்கவும் அனுமதியில்லை.

இதையெல்லாம் சொல்வதால் அந்தப் புட்டியை நான் பழிக்கவில்லை. வெயிலில் வாட்டிப் பழுப்பாவதை விட அது எவ்வளவோ மேல். புறஊதாக் கதிர் தோலணுக்களின் உள்ளே புகுந்து கெடுக்கிறது. தோல் புற்றுநோய்க்கு அது முக்கியக் காரணம். செயற்கை வெயில் படுக்கைகளை 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. புட்டித் திரவமோ தோலின் மேல்படலத்தில் இருக்கும் இறந்த செல்களின் புரதத்தோடு வினைபுரிவதோடு நின்றுவிடுகிறது. தோசை முறுகிச் சிவப்பதும் இதே வகை வினைதான். அந்தச் செல்கள் உதிர்ந்ததும் நிறமும் போய்விடும். ஆனால் இந்த நிறம் வெயிலைத் தடுக்காது. என் வெண்புள்ளிகளில் மெலனின் இல்லாததால் அவை சீக்கிரம் வெந்துவிடும். மேலே நிறம் பூசியிருந்தாலும் சன்ஸ்கிரீன் வேண்டும். இதைப் பெண் பார்க்கும் அவசரத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சித்திரை வெயிலில் கை கொப்பளித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1975இல் இந்துஸ்தான் லீவர் நம் ஊருக்கு ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. அங்கே பழுப்பாக ஒரு புட்டி, இங்கே வெளுக்க ஒரு ட்யூப். என் முகத்துக்கு ட்யூபும் கைக்குப் புட்டியும் ஒரே மேசையில் இருந்த நாட்கள் உண்டு. வெளுப்பை அவ்வளவு விரும்பிய வீடு, என் உடலில் தானாக வந்த வெள்ளையைப் பார்த்து மட்டும் பயந்தது.

போன வருடம் அக்கா மகளின் கல்யாணம். “அதத் தடவிட்டு வாடி, நாலு பேர் வர்ற இடம்” என்றாள் அக்கா. சன்ஸ்கிரீன் மட்டும் தடவிக்கொண்டு போனேன். பந்தியில் இடது கையால்தான் பாயச வாளியைப் பிடித்திருந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. தோன்றினால் தடவுவேன்.