பூட்டிய வீடும் ஷிப்டு நேரமும்: குடும்பப் பராமரிப்பின் வரலாறு குறித்து

அடைத்து வைத்தலின் வரலாற்றைப் பேச நமக்கு ஃபூக்கோ கிடைத்தார். 1656இல் பாரிஸில் 'பொது மருத்துவமனை' என்ற பெயரில் ஏழைகளும் பித்தர்களும் ஒன்றாக அடைக்கப்பட்டதை அவர் எழுதினார். நம் சிறுபத்திரிகைகளும் அதை வைத்து நிறையவே விவாதித்தன. ஆனால் நம்மூரில் அடைப்பு பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்தது. வீட்டுக்குப் பதிவேடு கிடையாது. எனவே வரலாறும் கிடையாது.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம், 'பித்தர்' என்ற சொல்லுக்குள்ளேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் அடக்கியது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் (1993இல் நடைமுறைக்கு வந்தது) அவர்களை விலக்கியது. மனவளர்ச்சிக் குறை நோயல்ல என்பதால் இது சரியே. ஆனால் விடுதிக் கதவைச் சாத்திய அரசு, அதே கையோடு வேறு கதவைத் திறக்கவில்லை. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்பதுதான் எழுதப்படாத கொள்கை.

விடுதிகளுக்காக நான் வாதாடவில்லை. 1994இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு விடுதியின் மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் பூனாவில் கருப்பை நீக்கம் செய்யப்பட்டது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் வெந்து இறந்தார்கள். இவற்றுக்கெல்லாம் மாற்று 'குடும்பம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோமே, அந்த இடத்தில்தான் என் கேள்வி. எந்தக் குடும்பம்? அதில் யாருடைய உழைப்பு?

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். 1970களின் இறுதியில் தொடங்கிய பனியன் ஏற்றுமதி 1985க்குப் பின் பெருகியது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தெல்லாம் குடும்பங்கள் லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ஊரில் இருந்தபோது கூறு குறைந்தவன் என்று பெயரெடுத்த பிள்ளைக்கு ஆடு மேய்க்கவும் தண்ணி எடுக்கவும் ஓர் இடம் இருந்தது. அதைப் பொற்காலம் ஆக்கவேண்டியதில்லை. பண்ணையில் அது சோத்துக்குக் கூலியில்லா வேலை, கேலி இலவசம். ஆனாலும் தெரு முழுக்க அவனைத் தெரிந்த கண்கள் இருந்தன. திருப்பூருக்கு வந்ததும் அந்தக் கண்கள் போயின. ஒன்றரை ஷிப்டு வந்தது. அம்மா, அப்பா, தங்கச்சி எல்லோரும் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள்.

நான் போய்வந்த லைன் வீடுகளில் ஒரு தாய் சொன்னது: "பூட்டாமப் போனா ரோட்டுக்குப் போயிருவானுங்க, லாரியில அடிபட்டுப் போவான். மத்தியானம் ஓடியாந்து சோத்தப் போட்டுட்டு மறுபடி பூட்டிட்டுப் போறனுங்க." அவனுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. இதைக் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்வது நமக்குச் சுலபம். அந்தப் பூட்டின் சாவி அம்மா கையில் இருந்தாலும், எப்போது திறக்கலாம் என்பதை முடிவு செய்தது ஷிப்டு.

திருப்பூர் பற்றிய தன் நூலில் (2004) ஷரத் சாரி, கவுண்டர் முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக் கதையை 'உழைப்பு' என்ற சொல்லால் எப்படிக் கட்டமைத்தார்கள் என்று காட்டினார். தொழிற்சங்கமும் அதே சொல்லைத்தான் வேறு பக்கமிருந்து பிடித்துக்கொண்டது. 1984 வேலைநிறுத்தம் 127 நாள் நடந்தது, பஞ்சப்படிக்காக. அந்தப் போராட்டத்தின் பெருமையைக் குறைக்காமலே கேட்கலாம்: உழைப்பே மனிதனின் அளவுகோல் ஆகிவிட்ட ஊரில், உழைக்க இயலாதவன் யார்? அவனைப் பார்த்துக்கொள்பவள் செய்வது என்ன? இரண்டுக்கும் நம் அகராதியில் ஒரே பதில்: 'சும்மா இருக்காங்க'.

சும்மாவும் இல்லை. சில வீடுகளில் வேலைக்குப் போகாத அம்மா பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டுகிறாள். பக்கத்தில் மகனும் வெட்டுகிறான். கணக்கு அவள் பெயரில். அவன் காசு என்று தனியாக ஒன்று இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் நூற்றாண்டுகளாகப் பித்தர்களையும் அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும் குடியானவர் வீடுகளே ஏற்றுப் பராமரித்தன. 1930களின் இறுதியில் அப்படி இருந்தவர்கள் 3,700க்கும் மேல். அன்பால் மட்டும் அது ஓடவில்லை. வைத்துக்கொண்ட வீட்டுக்குப் பணம் தரப்பட்டது, மேற்பார்வை இருந்தது, முடியாத நாளில் கொண்டுபோய் விட மருத்துவமனை இருந்தது. விவசாயக் குடும்பம் சுருங்கிய பின் அங்கும் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது.

இங்கே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 'எங்க காலத்துக்கப்புறம் யாரு?' என்ற பெற்றோரின் கேள்வியைக் காதில் வாங்கியது. ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. 2016 சட்டம் பராமரிப்பாளர் படியையும் குறிப்பிட்டது, 'அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்ற வாலோடு. தமிழக அரசு தரும் மாத உதவி 2,000 ரூபாய். பனியன் கம்பெனியில் நாலைந்து ஷிப்டுக் கூலி.

வீட்டுப் பராமரிப்பின் தரத்தைப் பாசத்தை வைத்து அளக்கும் வழக்கத்தை விடவேண்டும். அவன் பகலில் வெளியே போகிறானா? அவன் வெட்டிய பிசிறுக்கு அவன் கையில் காசு வருகிறதா? மகள் என்றால், அவள் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும்போது அவளைக் கேட்கிறார்களா? அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்று சாவி யாரிடம்? இவை சங்கத்தின் கேள்விகளும்தான். தெருவுக்கொரு பகல்நேர இல்லம், பராமரிப்பவருக்குப் படி என்று அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் பஞ்சப்படிக்குப் பக்கத்தில் இரண்டு வரி சேர்ப்பதற்குப் புதிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை.