மாத்தளையில் எரிந்ததும் எரியாததும்
இயங்க மறுக்கும் பழைய கணினியில் பல வேளைகளில் கெட்டிருப்பது மின்வழங்கியோ தாய்ப்பலகையோதான். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால் கோப்புகள் கிடைத்துவிடும். தட்டே பழுதானால் வேறிடத்துப் பிரதிதான் கதி. இலங்கையின் கண்டிச் சீமை இதை முன்பே கண்டது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் மறைநூலை மனப்பாடமாகக் காத்த பிக்குகளைக் குறைத்தபோது, மாத்தளை அலுவிகாரையில் பௌத்த மறைநூலான திரிபிடகம் ஓலை ஏட்டில் ஏறியது என்பது மரபு. 1848இல் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படை அந்த விகாரையின் நூலகத்தை அழித்தது. திரிபிடகம் தப்பியது, பர்மாவிலும் சியாமிலும்கூடப் பிரதிகள் இருந்ததால். அலுவிகாரையில் மட்டுமே இருந்த ஏடுகள் ஏதேனும் இருந்திருந்தால், போனது போனதுதான். ஓலை நூற்றாண்டுகள் தாங்கும், வன்தட்டு சில ஆண்டுகளே என்று வாதிடலாம். ஆனால் ஓலையையும் பூச்சி தின்னும். காத்தது படியெடுத்த கைகள். ஏடுகளுக்கு மட்டுமா இது? இலங்கையிலிருந்து சியாமுக்குச் சென்ற உபசம்பதா எனும் பிக்குகளின் உயர் துறவேற்பு மரபு பின்னர் இலங்கையிலேயே அற்றுப்போனது. 1753இல் சியாமியப் பிக்கு உபாலி தேரர் அதைக் கண்டிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்.