பூனையை மலசலகூடத்துக்குப் பழக்கலாமா?

மீள்குடியேறிய பிறகு, எலித் தொல்லைக்காகத்தான் பூனை வளர்த்தேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் வீட்டுத்திட்ட வீடு. கிணறும் கீரைப் பாத்தியும் பக்கத்துப் பக்கத்தில். பாத்தி மண்ணிலேயே பூனை மலங்கழிக்கும். மகள் கர்ப்பமானபோதுதான் பயம் பிடித்தது.

காரணம், டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. எலி, பச்சை இறைச்சி தின்னும் பூனைக்குத் தொற்றி, அதன் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். 1 முதல் 5 நாட்களில் பிறருக்குத் தொற்றும் நிலையை அடையும். ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிர்வாழும். கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம்.

மலசலகூடத்துக்கே பழக்கலாம் என்றார்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்ள்ஸ் மிங்கஸ் இதற்கு வழிகாட்டியே எழுதினார்: கடதாசித் துண்டுகள் நிரப்பிய பெட்டியைச் சிறிது சிறிதாகக் கொமட்டுக்கு நகர்த்தி, மேலே ஏற்றி, அடியில் துளையிட்டுப் பெரிதாக்குவது.

நான் அதைச் செய்யவில்லை. தோண்டி மூடுவது பூனையின் இயல்பு. எங்கள் மலசலகூடக் குழியோ மணலுக்குள் ஊறுகிறது. மாரியில் நீர்மட்டம் உயர்ந்தால் கிணறும் வாவியும் தூரமில்லை. இந்த ஒட்டுண்ணியைக் குளோரினும் எளிதில் கொல்லாது. கலிபோர்னியாக் கரையில் கடல் நீர்நாய்கள் இதனால் இறந்திருக்கின்றன.

பழைய பேசினில் மணல் போட்டு ஒதுக்குப்புறமாக வைத்தேன். நாள்தோறும் நானே அள்ளி, கிணற்றுக்கு எட்டத்தில் ஆழமாகப் புதைத்தேன். பாத்தியை வலையால் மூடினேன். கீரையை நன்றாகக் கழுவி, இறைச்சியை முற்றாக வேகவைத்தோம். மண் தொட்ட கைக்குச் சவர்க்காரம். கர்ப்பிணிகள் மருத்துவமாதுவிடமும் கேளுங்கள்.

பூனையை விரட்டத் தேவையில்லை. எங்கள் பூனை இப்போதும் பேத்தியின் காலடியில்தான் படுக்கிறது.