சோழி வைத்து எழுதிய அல்காரிதம் பரீட்சை

அல்காரிதம்ஸ் பேப்பரில் எப்பவுமே ரெண்டு வகைக் கேள்விதான் வரும். ஒண்ணு, "கீழ்க்கண்ட எண்களைக் குவிக்சார்ட் முறையில் வரிசைப்படுத்திக் காட்டுக". இன்னொண்ணு, "இந்த முறை எல்லா சமயத்திலும் சரியான விடை தரும் என்று நிறுவுக". நான் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷன் பேட்ச். ரெண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் அஞ்சு, ஆக மொத்தம் நூறு. பதினாறு மார்க்கில் முதல் வகை வந்தா ஹால்லயே சிரிப்பு வரும். ரெண்டாவது வகை வந்தா "அல்லது"க்குக் கீழே இருக்கறதை எடுத்துக்குவோம் :-)

அப்ப ஹாஸ்டல்ல அடிக்கடி ஒரு சண்டை நடக்கும். புரியாமலே மனப்பாடம் பண்ணி, படிப்படியா பிசகாம போட்டுட்டு வர்றவனுக்கு அல்காரிதம் தெரியும்னு சொல்லலாமா கூடாதா? சண்டை முடிஞ்சதே இல்லை. ஆனா இதே கேள்விக்கு 1825-லேயே பாண்டிச்சேரியில் ஒரு நிஜப் பரீட்சை நடந்திருக்கு. கேள்வித்தாள் கிடையாது, பேனா கிடையாது. தரையில் சோழி மட்டும். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க ஊர்க் கணக்கு

எங்க ஊர் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலையும் சங்கு தீர்த்தமும் தெரியாதவங்க குறைவு. குரு கன்னி ராசிக்கு வரும்போது சங்கு தீர்த்தத்தில் புஷ்கர மேளா நடக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொல்வாங்க. ஆனா குரு ஒரு சுற்று முடிக்க எடுத்துக்கறது சுமாரா 11.86 வருஷம். ஏழு சுற்றுக்கு 84 வருஷம் ஆகணும், ஆனா 83-லயே முடிஞ்சுடும். அதனால வெறுமனே பன்னிரண்டு பன்னிரண்டா கூட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்தில் மேளா ஒரு வருஷம் பிசகிடும். யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டாகணும். அந்த யாராவதுதான் பஞ்சாங்கக்காரர்.

தேர்வாளர்

ஜான் வாரன். பிரெஞ்சு வம்சாவளி, ஆங்கிலேயப் பட்டாளத்தில் அதிகாரி. கோலார் பக்கம் தங்கம் கிடைக்கிறதை 1802-ல் போய்ப் பார்த்து எழுதினவர். 1805-லிருந்து 1811 வரை சென்னை வானாய்வகத்தைத் தற்காலிகமா கவனிச்சுக்கிட்டவர். தென்னாட்டு மக்கள் காலத்தைக் கணக்கிடும் முறைகளைத் தொகுத்து 'கால சங்கலித'ன்னு ஒரு புத்தகம் எழுதினார். 1825-ல் சென்னையில் அச்சாச்சு.

தேர்வு எழுதியவர்

பாண்டிச்சேரியில் குடியிருந்த ஒரு பஞ்சாங்கக்காரர். வாரன் எழுத்துக்கூட்டல்படி 'சாமி நாடன் சாஷியா'. சாமிநாதன் சேஷய்யாவா இருக்கலாம்னு எனக்குத் தோணுது. 1825 மே 31, ஜூன் 1 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டச் சொல்றார் வாரன். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, எடுத்து, நகர்த்தி கணக்கை முடிக்கிறார். எழுதி வைக்கிற வேலையே இல்லை. தேவைப்பட்ட அட்டவணை அத்தனையும் சில செயற்கையான சொற்களாகவும் அசைகளாகவும் மனசுக்குள்ள இருந்ததாம்.

வாரன் அவரைப் பற்றி எழுதினதோட சாரம் இதுதான்: இந்த மனுஷனுக்கு வானியல் கோட்பாட்டில் ஒரு வார்த்தை கூடப் புரியாது, ஆனா அபார ஞாபக சக்தி, படிகளை மனசிலும் தரையிலும் துல்லியமா ஒழுங்குபடுத்தத் தெரியுது. இதைப் படிச்சதும் எனக்கு ஹாஸ்டல் சண்டை ஞாபகம் வராம இருக்குமா?

அந்த அல்காரிதம்

பொட்டி தட்டும் மக்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. சந்திரனோட வேகம் ஒரே சீரா இருக்காது. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது மந்தம். இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிய சுமார் 27.55455 நாள். முழு எண்ணில் சுழற்சி வேணும்னா 9 சுற்றுக்கு 248 நாள். அதனால 248 நாளுக்கு, ஒவ்வொரு நாளும் சந்திரன் எங்கே இருக்கும்னு 248 வாக்கியங்கள். ஒரு வாக்கியம் ஒரு எண். வாக்கியப் பஞ்சாங்கம்னு பேர் வந்ததே இதனாலதான். நம்ம பாஷையில் சொன்னா 248 இடம் உள்ள ஒரு லுக்கப் டேபிள்.

248 நாள் கணக்கில் ஒவ்வொரு தடவையும் சுமார் 13 நிமிஷம் பிசகும். அதைச் சமாளிக்க இன்னும் பெரிய சுழற்சிகள் வச்சிருக்காங்க. 110 சுற்றுக்கு 3031 நாள், இதில் பிசகு ஒரு நிமிஷத்துக்கும் கம்மி. 449 சுற்றுக்கு 12,372 நாள், கிட்டத்தட்ட 34 வருஷத்துக்குப் பத்து நிமிஷம்தான்.

இப்ப கணக்கு. பழைய ஒரு நாளிலிருந்து எண்ணின மொத்த நாளில் 16,00,984-ஐக் கழிச்ச பிறகு மிச்சம் 1,00,000 நாள்னு வைங்க.

12,372-ஆல் வகுத்தா ஈவு 8, மீதி 1024.
3031-ஆல் வகுத்தா ஈவு 0, மீதி அதே 1024.
248-ஆல் வகுத்தா ஈவு 4, மீதி 32.

அவ்வளவுதான். முப்பத்திரண்டாவது வாக்கியத்தைச் சொல்லு. ஒவ்வொரு சுழற்சியும் சந்திரனை எவ்வளவு முன்னால தள்ளுதோ (248 நாள் சுழற்சின்னா சுமார் 27¾ பாகை) அதை ஈவால பெருக்கிக் கூட்டு. சந்திரன் இடம் கிடைச்சாச்சு. எத்தனை லட்சம் நாள் ஆனாலும் மூணே வகுத்தல், ஒரு டேபிள். இதே மாதிரி சூரியனுக்கும் ராகுவுக்கும் போட்டா கிரகணம் வந்துடும்.

அந்த வகு எண்களையும் சொல்லாத்தான் மனப்பாடம் பண்ணியிருக்காங்க. கடபயாதி முறையில் 'தே' 8, 'வ' 4, 'ர' 2. வலமிருந்து இடமா படிச்சா 'தேவரம்' 248. அதே கணக்கில் 'கலானிலம்' 3031. எங்க செட்டு ஃபார்முலாவுக்கெல்லாம் சுருக்குச் சொல் கட்டினதைப் பெரிய கண்டுபிடிப்புன்னு நினைச்சிருந்தோம் :-)

இன்னொரு ஆச்சரியம். இந்த 248-உம் 3031-உம் பழைய கிரேக்கப் பாப்பிரஸ் துண்டுகளில் இருக்கு. 248 பாபிலோன் களிமண் பலகைகளிலும் இருக்கு. ஆட்டோ நியூகெபவர்ங்கிற கணித வரலாற்று அறிஞர் 1952-ல் இதைப் பற்றித் தமிழ் வானியல்ங்கிற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். ஆக, அந்தப் புராதன முறையை 1825-லும் ஓடவிட்டுக் காட்டினது பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தர்.

ரிசல்ட்

கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிஷம். நடு நேரத்தில் 23 நிமிஷம். முடியும் நேரத்தில் 52 நிமிஷம்.

உடனே "ஃபெயில்"னு சொல்லிடாதீங்க. இதே ஊரில் அதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடி இன்னொரு பரீட்சையும் நடந்திருக்கு. வெள்ளி சூரியனைக் கடக்கிறதைப் பார்க்க பிரான்ஸிலிருந்து கிளம்பின லெ ஜெந்தீல் 1768-ல் பாண்டிச்சேரி வந்தார். 1769 ஜூனில் மேகம் மறைச்சு அந்தக் காட்சி போச்சு. ஆனா சும்மா இருக்காம, ஒரு தமிழரிடம் இந்தக் கிரகணக் கணக்கைக் கத்துக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்குப் போட்டுப் பார்த்தா, கிரகணம் நீடிச்ச நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் குறைவு. அன்னைக்கு ஐரோப்பாவில் பெரிசா மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயர் அட்டவணை 68 விநாடி அதிகம்!

இந்த 41 விநாடியை மட்டும் எடுத்துக்கிட்டு "அன்னைக்கே நம்மாளு" டைப் மெயில் எத்தனை வந்திருக்கும்! 52 நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கிட்டு இளக்காரம் பண்றவங்களும் உண்டு. டெஸ்டிங் பண்ற யாரையாவது கேளுங்க. ஒரு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆச்சுன்னா புரோகிராம் சரின்னு அர்த்தமில்லை. ஒண்ணு ஃபெயில் ஆனா எங்கே தப்புன்னு அதுவே சொல்லிடாது. டெஸ்டிங்கால பிழை இருக்குன்னுதான் காட்ட முடியும், இல்லைன்னு காட்ட முடியாதுன்னு டைக்ஸ்ட்ரா சொன்னதும் இதைத்தான்.

அப்ப யார் ஃபெயில்?

என் கணக்குப்படி முதல் வகைக் கேள்வியில் அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு முழு மார்க். பேப்பர் இல்லாம இவ்வளவு நீளமான கணக்கை ஓட்டி ஒரு கிரகணத்தைப் பிடிக்கிறது சின்ன வேலை இல்லை. ரெண்டாவது வகைக் கேள்விதான் அவரால் தொட முடியாதது. விடை 52 நிமிஷம் தள்ளி வந்தா எந்த வாக்கியத்தை, எந்த எண்ணை மாத்தணும்? அந்த முறைக்குள்ள அதுக்குப் படியே கிடையாது.

நம்ம மரபுக்கே அது தெரியாதுன்னு நினைக்க வேண்டாம். கேரளத்துப் பரமேஸ்வரர் சுமார் 55 வருஷம் கிரகணங்களைக் கண்ணால பார்த்து, கணக்கோட ஒப்பிட்டு, 1431-ல் 'திருக்கணித'த்தை எழுதினார். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறுவிண்மீனைக் கண்டுபிடிச்சவர். வானத்தைப் பார்த்துத் திருத்தின பஞ்சாங்கம் வேணும்னு வாதாடினவர். இவங்க ரெண்டு பேரும் ரெண்டாவது கேள்விக்குப் பதில் எழுதினவங்க.

மனப்பாடம் கேவலம்னு நான் சொல்லமாட்டேன். ஏடு அரிச்சுப் போனாலும் முறை பிழைச்சது மனப்பாடம் பண்ணினவங்களாலதான். ஆனா முறையைக் காப்பாத்தறது வேற, முறை பிசகும்போது திருத்தறது வேற. ஓட்டத் தெரிஞ்சவங்க மட்டும் மிஞ்சி, திருத்தத் தெரிஞ்சவங்க இல்லாம போன இடத்தில் 4 நிமிஷம் 52 நிமிஷமாகும். ஆபீஸில் பழைய கோடைத் தொடவே பயந்து "ஓடுதுல்ல, விடு"ன்னு நாம சொல்றமே, அதுவும் இதுவும் ஒண்ணுதான். அதனாலதான் "நிறுவுக"ன்னு ஒரு பதினாறு மார்க் கட்டாயமா, "அல்லது" இல்லாம இருக்கணும்னு இப்ப தோணுது. படிக்கிற பசங்க அடிக்க வராதீங்க :-)

டிஸ்கி: உங்க வீட்டுல, ஊருல வாக்கியக் கணக்கு தெரிஞ்ச தாத்தா யாராவது இருந்தா, சோழியோட ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லி எழுதி வைங்க. பின்னூட்டத்திலும் சொல்லுங்க.